ஹச்சிகோவின் வீட்டில் ஒரு பெண் இருந்தார்

1935 மார்ச் 8-ம் தேதி டோக்கியோவின் ஷிபுயா ரயில்வே ஸ்டேஷனில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளை ஃபோட்டோ இருக்கிறது. நடுவில் ஒரு நாயைக் கிடத்தியிருக்கிறார்கள். உயிர் இல்லை. சுற்றிலும் ஸ்டேஷன் ஊழியர்கள். முன்வரிசையில், வலமிருந்து இரண்டாவதாக ஒரு பெண்மணி.

அந்த நாய் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். ஹச்சிகோ. இறந்துபோன எஜமானர் திரும்பி வருவார் என்று வருஷக் கணக்கில் ரயில்வே ஸ்டேஷனில் காத்திருந்த நாய். ரிச்சர்டு கேர் நடித்த ஹாலிவுட் படத்தைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே டி.வி-யை அணைத்தவர்கள் நம்மில் ஏராளம். வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவையாவது அந்தக் கதை வந்து விழுகிறது.

அந்தப் பெண்மணி யார் என்று கேட்டால்தான் பதில் வராது. அவர் பெயர் யாயெகோ. ஹச்சிகோவின் வீட்டு அம்மா. அந்த நாயை வளர்த்த வீட்டில் அவரும் இருந்தார். ஒரே நாளில் நாய்க்கு வீடு போனது, அவருக்கும் போனது. நாய்க்குச் சிலை வைத்தார்கள். யாயெகோவுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு சின்ன இடத்துக்கு, அவர் இறந்த பிறகும் 55 வருஷம் ஆயிற்று.

வைக்கோல் பையில் வந்த குட்டி

ஹச்சி பிறந்தது 1923 நவம்பர் 10. ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் அகிடா மாவட்டத்தில் ஓதாத்தே என்ற ஊர். அகிடா நாய்கள் அந்த மண்ணின் ஜாதி. பெரிய உடம்பு, விறைத்த காது, சுருட்டி முதுகில் போட்ட வால். அந்தக் காலத்தில் சுத்தமான அகிடா நாய்கள் அருகிக்கொண்டே வந்தன. ‘வாங்கினால் நல்ல அகிடாவாக வாங்க வேண்டும்’ என்று டோக்கியோவில் ஒருவர் ஆசைப்பட்டார். பேராசிரியர் ஹிதேசபுரோ உயேனோ.

உயேனோ சாதாரண வாத்தியார் இல்லை. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொறியியல் சொல்லிக்கொடுத்தவர். வயலைச் சமன் செய்வது, வரப்பைத் திருத்துவது, வாய்க்கால் போடுவது, தேங்கும் நீரை வடிப்பது. இதையெல்லாம் ஒரு படிப்பாகவே ஜப்பானில் நிலைநிறுத்தியவர் அவர். 1923 செப்டம்பர் 1-ல் வந்த பூகம்பம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியபோது, நகரத்தின் மனைகளைத் திருத்தி மறுபடி எழுப்பும் வேலையில் அவரிடம் படித்தவர்கள் இருந்தார்கள். அவர் பெயர் இன்றைக்கு வாய்க்கால்களுக்காக நினைக்கப்படவில்லை, நாய்க்காக நினைக்கப்படுகிறது. அவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

குட்டியை வைக்கோல் பையில் வைத்து ரயிலேற்றி அனுப்பினார்கள். 1924 ஜனவரி. சுமார் 20 மணி நேரப் பயணம். வந்து இறங்கிய ஸ்டேஷனின் பெயரும் உயேனோ. பேராசிரியருக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் பெயரைத் தவிரச் சம்பந்தம் எதுவும் கிடையாது. பையைத் திறந்தபோது குட்டி துவண்டு கிடந்ததாம்.

வீட்டில் ஏற்கெனவே ஜான், எஸ் என்று இரண்டு நாய்கள். புதுக் குட்டிக்கு ஹச்சி என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் ‘எட்டு’ என்று அர்த்தம். பின்னால் ஒட்டிக்கொண்ட ‘கோ’ மரியாதைக்காக ஊர் சேர்த்தது. அது வந்தது ரொம்பப் பிந்தி. வீட்டில் அது கடைசிவரை வெறும் ஹச்சிதான்.

குட்டிக்கு வயிறு சரியில்லை. அடிக்கடி படுத்துவிடும். பேராசிரியர் அதைத் தன் கட்டிலுக்கு அடியிலேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே ஒரு நாய் கிடந்தால், பேராசிரியரின் பாசத்தோடு கூடவே அந்த வீட்டுப் பெண்மணிக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்பது நாய் வளர்க்கும் வீடுகளுக்குத் தெரியும். சோறு வைப்பதும் துடைப்பதும் துவைப்பதும் எந்தப் படத்திலும் வருவதில்லை.

படத்தில் வராத இன்னொன்று. பேராசிரியர் தினமும் ரயிலில் வேலைக்குப் போனவர் இல்லை. அவர் வீடு ஷிபுயாவில். கல்லூரி பக்கத்திலேயே கொமாபாவில். நடந்தே போய்விடுவார். நாய்களும் கூடவே போகும். வெளியூருக்கோ, நகரத்தின் வடக்கே இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்கோ போகும் நாள்களில்தான் ஷிபுயா ஸ்டேஷன். அப்படிப்பட்ட நாள்களில் நாய்கள் ஸ்டேஷன்வரை வரும். திரும்பும்போதும் அங்கே வந்து நிற்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஹச்சி செய்தது இன்னும் நன்றாகப் புரிகிறது. கல்லூரிக்குப் போனவர் சாயங்காலம் வந்துவிடுவார். வராவிட்டால்? வெளியூர் போயிருக்கிறார். வெளியூர் போனவர் எந்த வழியாக வருவார்? ஸ்டேஷன் வழியாக. நாயின் கணக்கில் தப்பே இல்லை.

1925 மே 21

அன்று பேராசிரியர் கல்லூரிக்குப் போனார். ஆசிரியர்கள் கூட்டம் இருந்தது. அங்கேயே மூளையில் ரத்தக்கசிவு. சரிந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது 53. ஹச்சிக்கு அப்போது ஒன்றரை வயது. ஹச்சியும் அவரும் சேர்ந்து இருந்தது மொத்தம் 16 மாதம்தான்.

மூன்று நாள் ஹச்சி சாப்பிடாமல் கிடந்தது என்று சொல்வார்கள். யாயெகோ சாப்பிட்டாரா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

யாயெகோ உயேனோவின் சட்டப்படியான மனைவி இல்லை. சகனோ குடும்பத்துப் பெண். சுமார் 10 வருஷம் இருவரும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினார்கள். வீட்டுக்கு வரும் மாணவர்களுக்கு அவர் பேராசிரியரின் மனைவிதான். ஆனால், அரசாங்க ஏட்டில் பெயர் இல்லை. அந்தக் கால ஜப்பானியச் சட்டத்தில் கல்யாணம் என்பது இரண்டு பேர் சமாச்சாரம் இல்லை. குடும்பத் தலைவர் சம்மதிக்க வேண்டும். குடும்பப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அவர்கள் கல்யாணம் அப்படி ஏறவே இல்லை. பேராசிரியருக்கு அவர் குடும்பத்தார் வேறு சம்பந்தம் பேசி வைத்திருந்ததுதான் காரணம் என்பார்கள்.

உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு பிரச்னையும் இல்லை. இறந்த மறுநாள் எல்லாமே பிரச்னை. சொத்தில் உரிமை இல்லை. வீட்டில் இருக்கவும் வழியில்லை. அவர் வீட்டைக் காலி செய்தார். போகிற இடத்துக்கு ஒரு பெரிய அகிடா நாயைக் கூட்டிப்போக முடியாது. வாடகை வீடு தேடியவர்களுக்கு இது புதிதில்லை.

ஹச்சி முதலில் நிஹோன்பாஷியில் சொந்தக்காரர்களின் துணிக்கடைக்குப் போனது. கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் பாசமாகத் தாவியது. வியாபாரம் நடக்குமா? அங்கிருந்து அசகுசாவில் இன்னொரு சொந்தக்காரர் வீடு. அங்கேயும் சரிப்படவில்லை. அசகுசா டோக்கியோவின் அந்தக் கோடி. ஷிபுயா இந்தக் கோடி. ஆனாலும் ஹச்சியை ஷிபுயா பக்கம் பார்த்ததாகப் பேச்சு வந்தது.

பேராசிரியரிடம் படித்தவர்கள் நல்ல மனிதர்கள். யாயெகோ தெருவில் நிற்கக் கூடாது என்று அவர்கள் சேர்ந்து செதகாயாவில் ஒரு வீடு கட்டிக்கொடுத்தார்கள். வீடு கிடைத்ததும் ஹச்சியைத் தன்னிடமே கூட்டிக்கொண்டார் யாயெகோ.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். அம்மா வந்துவிட்டார்; வீடு இருக்கிறது; சுற்றிலும் வயல்வெளி. செதகாயா அப்போது கிராமம் மாதிரிதான். ஆனால், ஹச்சி பக்கத்து வயல்களில் ஓடி வெள்ளாமையை மிதித்தது. குடியானவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அது சில கிலோமீட்டர் தாண்டி ஷிபுயாவுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

யாயெகோ அப்போது ஒரு முடிவெடுத்தார். ஷிபுயாவுக்குப் பக்கத்தில் தொமிகாயாவில் கொபயாஷி என்பவர் இருந்தார். பேராசிரியர் வீட்டுத் தோட்டக்காரர். ஹச்சியைக் குட்டியாக இருந்தபோதிலிருந்து தெரிந்தவர். 1927-ல் ஹச்சியை அவரிடம் கொடுத்துவிட்டார்.

ஹச்சிகோ கதையில் எல்லோரும் அழுகிற இடம் ஸ்டேஷன் வாசல். அழவேண்டிய இடம் இதுவாகவும் இருக்கலாம். அந்த வீட்டின் ஞாபகமாக அவருக்கு மிஞ்சியிருந்த உயிர் அது ஒன்றுதான். அதன் மனசு ஷிபுயாவில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தன் கையாலேயே அதை அங்கே அனுப்பிவைத்தார்.

உதையும் சாயமும்

கொபயாஷி ஹச்சியை நன்றாகவே வைத்துக்கொண்டார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் கதையில் ஹச்சி நாதியில்லாமல் ஸ்டேஷனிலேயே கிடந்து, மழையில் நனைந்து, குப்பையில் பொறுக்கித் தின்றதாக வரும். அப்படியில்லை. அதற்கு வீடு இருந்தது, வேளைக்குச் சாப்பாடு இருந்தது. காலையில் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போகும், வரும். சாயங்காலம் மறுபடியும் போகும். போகிற வழியில் பழைய வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் என்பார்கள். வீடும் வயிறு நிறையச் சோறும் இருந்தும் போனது. அதுதான் விஷயம்.

ஸ்டேஷனில் அதை யாரும் வரவேற்கவில்லை. பயணிகள் போகும் வழியில் பெரிய நாய் ஒன்று படுத்திருந்தால் ஊழியர்கள் சும்மா விடுவார்களா? அடித்தார்கள், விரட்டினார்கள். சாயங்காலம் தள்ளுவண்டி போடுகிறவர்கள் துரத்தினார்கள். பிள்ளைகள் அதன் முகத்தில் சாயம் பூசி விளையாடினார்கள். அது திருப்பிக் கடிக்கவில்லை. வழியை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அதன் இடது காது ஒரு காலகட்டத்தில் மடங்கித் தொங்கிவிட்டது. நாய்ச் சண்டையில் பட்ட கடி என்று சொல்வார்கள். இன்றைக்கு ஷிபுயா சிலையிலும் இடது காது தொங்கித்தான் இருக்கும். சிலை செய்தவர் அதைச் சரி பண்ணவில்லை. நல்ல காரியம்.

இந்த நிலைமையை மாற்றியவர் ஹிரோகிச்சி சைதோ. ஜப்பானிய நாய் இனங்களைக் காப்பாற்றும் சங்கத்தைச் சேர்ந்தவர். அகிடா நாய்களைத் தேடிக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது இந்த நாயைக் கவனித்தார். விசாரித்தார். விவரம் தெரிந்ததும் அவருக்கு மனசு ஆறவில்லை. ‘இது யாருடைய நாய், ஏன் இங்கே நிற்கிறது’ என்று பத்திரிகையில் வரும்படி செய்தார். 1932 அக்டோபர் 4-ம் தேதி டோக்கியோ அசாஹி பத்திரிகையில் வயசான நாயின் பரிதாபக் கதையாக அது வந்தது.

அவ்வளவுதான். ஒரே நாளில் உலகம் தலைகீழ். நேற்றுவரை உதைத்தவர்கள் தட்டு வைத்தார்கள். தூர ஊர்களிலிருந்து ஆள்கள் வந்து தடவிக்கொடுத்தார்கள். ‘ஹச்சி’ ‘ஹச்சிகோ’ ஆனது. ஏழு வருஷம் அது அதே இடத்தில்தான் நின்றது. பேப்பரில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

‘எஜமானருக்காக எல்லாம் இல்லை, தள்ளுவண்டியில் விற்கும் சுட்ட கோழிக்காகத்தான் வந்தது’ என்று அன்றைக்கே சிலர் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். கோழி அதற்குப் பிடித்திருந்தது, உண்மை. இறந்த பிறகு வயிற்றில் கோழி சுடும் குச்சிகள் இருந்ததும் உண்மை. ஆனால், அந்த ஆரம்ப வருஷங்களில் அதற்குக் கோழியைவிட அடிதான் அதிகம் கிடைத்தது. அடி விழும் இடத்துக்கு வெறும் கோழிக்காக ஒரு நாய் வருஷக் கணக்கில் வருமா என்பதை, வீட்டில் நாய் வைத்திருப்பவர்களே சொல்லட்டும்.

1934 ஏப்ரல் 21-ல் ஷிபுயா ஸ்டேஷன் முன்னால் ஹச்சிகோவுக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். செய்தவர் ஆந்தோ என்ற சிற்பி. திறப்பு விழாவுக்கு ஹச்சிகோவே வந்திருந்தது. உயிரோடு இருக்கும்போதே தன் சிலையைப் பார்த்த நாய்! பள்ளிப் பிள்ளைகளின் நீதிப் பாடப் புத்தகத்திலும் ‘நன்றி மறவாதே’ என்ற தலைப்பில் அதன் கதை ஏறியது. விசுவாசத்தை அரசாங்கம் மக்களிடம் அதிகமாக எதிர்பார்த்த காலம் அது. போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த தேசத்துக்கு, கேள்வி கேட்காமல் காத்திருக்கும் ஒரு நாய் ரொம்ப வசதியாக இருந்தது. பாவம், ஹச்சிக்கு அதெல்லாம் தெரியாது.

அந்த அரசாங்கமே பிறகு போருக்கு உலோகம் வேண்டும் என்று சிலையை எடுத்துக்கொண்டு போய் உருக்கியது. சிற்பி ஆந்தோ 1945 மே மாதம் விமானக் குண்டுவீச்சில் இறந்தார். போர் முடிந்து சோற்றுக்கே திண்டாடிய காலத்தில், 1948 ஆகஸ்டில் மறுபடி சிலை வைத்தார்கள். இந்த முறை செய்தவர் அந்தச் சிற்பியின் மகன். இன்றைக்கு நீங்கள் ஷிபுயாவில் பார்ப்பது அதைத்தான். ‘எங்கே சந்திக்கலாம்?’ என்று டோக்கியோவில் கேட்டால், ‘ஹச்சிகோகிட்ட வந்துடு’ என்பார்கள்.

கடைசி நாள்

1935 மார்ச் 8 அதிகாலை. ஷிபுயா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. ஸ்டேஷனின் அந்தப் பக்கத்துக்கு ஹச்சி வழக்கமாகப் போகாது. அங்கேதான் இறந்து கிடந்தது. வயது 11.

ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தார்கள். யாயெகோ வந்தார். அப்போது எடுத்ததுதான் அந்த ஃபோட்டோ. பேராசிரியர் இறந்து 10 வருஷம் ஆகப்போகிறது. அவரை நினைத்துக்கொண்டிருந்த இரண்டு ஜீவன்களில் ஒன்று போயிற்று.

எதனால் இறந்தது என்பது ரொம்ப நாளுக்குக் குழப்பமாகவே இருந்தது. குச்சி குத்தித்தான் செத்தது என்றுகூடப் பேசினார்கள். அதன் உள்ளுறுப்புகளைப் பல்கலைக்கழகத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். 2011-ல் டோக்கியோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் அவற்றை மறுபடி சோதித்தார்கள். நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய், இதயப்புழு வேறு. குச்சிகள் வயிற்றைப் புண்ணாக்கவில்லை. அத்தனை வியாதியோடுதான் கடைசிக் காலத்தில் நடந்து போய் வந்திருக்கிறது.

அதன் தோலைப் பதப்படுத்தி டோக்கியோவின் தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். 1994-ல் உடைந்துபோன ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து அதன் குரைப்பை மீட்டு வானொலியில் ஒலிபரப்பினார்கள். 59 வருஷத்துக்கு முன் செத்துப்போன நாயின் குரலைக் கேட்க ஜப்பானே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பேராசிரியரின் கல்லறை டோக்கியோவின் அயோயாமா இடுகாட்டில். அதன் பக்கத்திலேயே ஹச்சிக்கு ஒரு சின்னக் கோயில் மாதிரி வைத்தார்கள். நாய் எஜமானரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

யாயெகோ போகவில்லை. 1961 ஏப்ரல் 30-ல் அவர் இறந்தார். பேராசிரியர் போய் 36 வருஷம். ‘என்னை அவர்கூட வைத்துவிடுங்கள்’ என்பது அவர் சொல்லியிருந்த ஆசை. நடக்கவில்லை. ஏட்டில் பெயர் இல்லாதவருக்குக் கல்லறையிலும் இடம் இல்லை. அவர் அஸ்தி வேறிடத்தில் இருந்தது.

உயேனோ வேலை பார்த்த அதே துறையில், பல வருஷத்துக்குப் பிறகு ஷோ ஷியோசாவா என்று ஒரு பேராசிரியர் வந்தார். 2013 வாக்கில், யாயெகோவின் அந்த ஆசையைப் பற்றிய பழைய பதிவு அவர் கண்ணில் பட்டது. படித்துவிட்டு மூடி வைக்கவில்லை. இரண்டு குடும்பத்தாரிடமும் பேசினார். இடுகாட்டு நிர்வாகத்திடம் போனார். இந்த மாதிரி வேலைகளில் எத்தனை கையெழுத்து, எத்தனை அலைச்சல் இருக்கும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

நடுவில் 2015 மார்ச்சில், ஹச்சி இறந்து 80 வருஷம் ஆனபோது, டோக்கியோ பல்கலைக்கழக வேளாண் கல்லூரி வாசலுக்குள் ஒரு புதுச் சிலை வந்தது. தொப்பியும் கோட்டுமாகப் பேராசிரியர் நிற்கிறார். பையைக் கீழே போட்டிருக்கிறார். ஹச்சி பின்னங்காலில் எழும்பி, முன்னங்கால்களை அவர் மேல் போட்டுத் தாவுகிறது. இதில் காத்திருப்பது இல்லை. ஆள் வந்துவிட்டார். ஷிபுயா சிலையைப் பார்த்துவிட்டு இதையும் பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

2016 மே 19. அயோயாமா இடுகாட்டில் உயேனோ குடும்பத்தாரும் சகனோ குடும்பத்தாரும் கூடினார்கள். பேராசிரியரின் கல்லறையைத் திறந்து, யாயெகோவின் அஸ்தியில் ஒரு பங்கை அவரோடு வைத்தார்கள். கல்லின் பக்கவாட்டில் அவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள். இரண்டடி தள்ளி ஹச்சியின் கோயில். பார்க்க வருகிறவர்கள் அங்கே நாய் பிஸ்கட்டும் பூவும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.